கலங்கல் எப்போது வந்தது?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் முதல் பாட்டிலைத் திறந்ததும் கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள். மணம் நன்றாக இருக்கும், நுரை நிற்கும், சுவையிலும் குறை இருக்காது. ஆனால் கோப்பைக்குப் பின்னால் வைத்த விரல் தெரியாது. உடனே வரும் கேள்வி, எதைப் போட்டால் தெளியும் என்பது. ஜெலட்டின், மீன் பசை, கடற்பாசி வில்லை, சிலிக்கா கூழ், நொதித் துளிகள் என்று அதற்கான பொருட்கள் கடைகளில் நிறையவே கிடைக்கின்றன. எல்லாமே வேலை செய்பவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒருசில வகைக் கலங்கலைத்தான் தீர்க்கும். ஈஸ்ட்டை அடியில் இறக்கும் பொருள், மாவுச்சத்தால் வந்த கலங்கலை அசைக்காது. கிருமியால் வந்த கலங்கலுக்கு எந்த வில்லையும் மருந்தாகாது.

அதனால் எதையும் போடுவதற்கு முன், இந்தக் கலங்கல் எப்போது வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சிய நாளிலிருந்தே இருக்கிறதா? ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு மட்டும் தோன்றுகிறதா? தெளிந்து நின்ற பீர் சில வாரம் கழித்துத் திடீரென்று கலங்கியதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், ஆய்வகம் இல்லாமலேயே காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டுக் காய்ச்சல் என்ற பொழுதுபோக்கு சட்டப்படி வளர்ந்த வரலாறு அதிகப் பழையதல்ல. பிரிட்டனில் 1963இல்தான் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்று ஆனது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் மத்திய அரசின் வரியை நீக்கியது. அது 1979இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது காய்ச்சுவது இன்றும் குற்றம். ஆகவே இங்கே சொல்லப்படுவது, அது அனுமதிக்கப்பட்ட நாடுகளின் அடுக்களைகளில் நடப்பது. வேதியியல் மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

பீர் கலங்கித் தெரிவதற்குக் காரணம் ஒளிச் சிதறல். கரைந்து கிடக்கும் சர்க்கரையோ ஆல்கஹாலோ ஒளியைச் சிதறடிப்பதில்லை. கரையாமல் மிதக்கும் நுண் துகள்கள் சிதறடிக்கின்றன. அவை தாமாகவே அடியில் இறங்குமா என்பது பெரும்பாலும் அவற்றின் அளவைப் பொறுத்தது. 1851இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் தந்த விதிப்படி, துகள் இறங்கும் வேகம் அதன் குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப மாறும். பத்து மடங்கு சிறிய துகள் நூறு மடங்கு மெதுவாக இறங்கும். ஈஸ்ட் செல்லின் அளவு சுமார் 5 முதல் 10 மைக்ரான். கணக்குப் போட்டால், தனித்து மிதக்கும் ஒரு செல் அசையாமல் நிற்கும் பீரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இறங்கும். அரை மைக்ரான் அளவுள்ள புரதத் துகள் அதே நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. ஒரு வாரம் பொறுத்தால் தெளிந்துவிடும் என்ற அறிவுரை சிலருக்குப் பலிப்பதும் சிலருக்குப் பலிக்காததும் இதனால்தான். இருவர் பாட்டிலிலும் மிதப்பது ஒரே பொருள் அல்ல.

முதலில் ஈஸ்ட். நொதித்தல் நடக்கும்போது பீர் சேறுபோல் இருப்பது இயல்பு. சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், திரண்டதும் வேகமாக இறங்கும். அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஃப்ளாக்குலின் என்ற புரதங்கள், பக்கத்துச் செல்லின் சுவரில் உள்ள மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடிக்குக் கால்சியம் வேண்டும். பீர் காய்ச்சப் பயன்படும் பெரும்பாலான ஈஸ்ட் வகைகளில், சுற்றிலும் மால்டோசும் குளுக்கோசும் இருக்கும்வரை அந்தச் சர்க்கரைகளே ஃப்ளாக்குலினின் பிடியிடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். உணவு இருக்கும்வரை செல்கள் பிரிந்து நீந்துகின்றன. தீர்ந்த பிறகே கைகோக்கின்றன. இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. ஈஸ்ட் இறங்க மறுத்தால், சர்க்கரை இன்னும் மிச்சமிருக்கலாம். ஹைட்ரோமீட்டரால் அடர்த்தியை அளந்து, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். எண் குறைந்திருந்தால் நொதித்தல் முடியவில்லை என்று பொருள். அந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால் கலங்கலைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது, பாட்டில் வெடிக்கும். எண் மாறவில்லை என்றால் ஈஸ்ட்டின் வகையைப் பார்க்க வேண்டும். ஆங்கிலேய ஏல் பீருக்கான ஈஸ்ட் வகைகள் பல, கட்டியாகத் திரண்டு சில நாளில் இறங்கிவிடும். பவேரியாவின் கோதுமை பீர் ஈஸ்ட் அவ்வளவு எளிதில் திரளாது. கால்சியம் மிகக் குறைந்த தண்ணீரில் காய்ச்சியிருந்தாலும் திரள்வது தாமதமாகும். லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது கால்சியம் இருக்கட்டும் என்று காய்ச்சுகிறவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டிலுக்குள்ளேயே சர்க்கரை சேர்த்து வாயு ஏற்றும் முறையில் அடியில் மெல்லிய வண்டல் படிந்தே தீரும். பாட்டிலைச் சில நாள் நிமிர்த்தியே குளிரில் வைத்து, ஒரே சீராகச் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் போதும். கலங்கல் என்று கவலைப்படுகிறவர்களில் பலருக்கு இவ்வளவுதான் தேவைப்படும்.

ஈஸ்ட்டைச் சீக்கிரம் இறக்க வேண்டுமென்றால் மின்சுமையைப் பயன்படுத்தலாம். பீரில் ஈஸ்ட் செல்லின் மேற்பரப்பு எதிர்மின் சுமை கொண்டது. ஜெலட்டினும் மீன் பசையும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருபவை. பீரின் அமிலத்தன்மையில் அவை நேர்மின் சுமை தாங்குகின்றன. இரண்டும் ஈர்த்து ஒட்டிப் பெரிய திரள்களாகி அடியில் இறங்குகின்றன. நம் வீடுகளில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கிய நீரைத் தெளிய வைத்ததும் இதே வழியில்தான். கொட்டையிலிருந்து கரையும் பொருட்கள் மண் துகள்களைப் பிணைத்துக் கனமாக்கின. வேகமாக இறங்க வேண்டுமென்றால் துகள் பெரிதாக வேண்டும் என்பதே இரண்டு இடத்திலும் கணக்கு.

மீன் பசை என்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஒருகாலத்தில் பிரிட்டனின் மதுவாலைகள் ரஷ்யாவின் ஸ்டர்ஜன் மீனையே நம்பியிருந்தன. எரிவாயு விளக்கால் புகழ்பெற்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் மர்டாக், உலர்ந்த காட் மீனிலிருந்து மலிவான மாற்றைக் கண்டுபிடித்தார். அந்த முறையைப் பயன்படுத்தும் உரிமைக்கு லண்டன் மதுவாலைக்காரர்கள் அவருக்கு 2,000 பவுண்டு கொடுத்தார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் கூறல் கத்தாழை மீன் வலையில் விழுந்தால் ஏலத்தில் நல்ல விலை போவதும் அதன் காற்றுப்பைக்காகத்தான். மீனவர்கள் அதை நெட்டி என்பார்கள். மதுவைத் தெளிய வைப்பது அதன் பயன்களில் ஒன்று. சைவ உணவுக்காரர்களின் ஆட்சேபம் வலுத்த பிறகு, கின்னஸ் நிறுவனம் மீன் பசையைக் கைவிடப்போவதாக 2015இல் அறிவித்தது.

அடுத்தது, அறை வெப்பத்தில் தெளிவாக நின்று, ஃப்ரிட்ஜில் வைத்ததும் பனி மூடியதுபோல் ஆகும் பீர். இதைக் குளிர் கலங்கல் என்று சொல்லலாம். கலங்கிய கோப்பையை மேசைமேல் வைத்து 20 டிகிரி செல்சியஸ் வரை சூடாக விடுங்கள். தெளிந்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை. ஈஸ்ட்டோ மாவுச்சத்தோ கிருமியோ இருபது டிகிரியில் கரைந்து மறையாது.

இதன் வேதியியல்தான் இந்த விஷயத்திலேயே மிகச் சுவையானது. பார்லியின் ஹார்டீன் என்ற சேமிப்புப் புரதத்தில் புரோலின் என்னும் அமினோ அமிலம் நிறைய உண்டு. பார்லி உமியிலிருந்தும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களிலிருந்தும் பாலிஃபீனால்கள் வருகின்றன. டானின் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாலிஃபீனாலின் தட்டையான வளையங்கள் புரோலின் வளையங்களோடு பொருந்தி ஒட்டிக்கொள்கின்றன. வாழைக்காயையோ இளம் பாக்கையோ கடிக்கும்போது வாயில் துவர்ப்பு உணர்வதும் இதே பிணைப்பால்தான். நம் உமிழ்நீரிலும் புரோலின் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன, டானின் அவற்றைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. பீரில் இந்தப் பிணைப்பு தொடக்கத்தில் வலுவற்றது. குளிரில் சேரும், வெப்பத்தில் பிரியும். குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து நாட்கள் போகப் போக, ஆக்சிஜனும் சேர்ந்தால் பாலிஃபீனால்கள் ஒன்றோடொன்று இணைந்து வளர்கின்றன, பிணைப்பு உறுதியாகிறது. அதன் பிறகு சூடாக்கினாலும் கலங்கல் போகாது.

நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் கார்ல் சீபெர்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1990களில் அவர் முன்வைத்த விளக்கம் எளிமையானது, ஆனால் எதிர்பாராதது. ஒரு பாலிஃபீனால் மூலக்கூறு இரண்டு புரதங்களைப் பாலம்போல் இணைக்க வல்லது. புரதத்தில் உள்ள பிடியிடங்களும் பாலிஃபீனாலின் முனைகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதுதான் பெரிய வலைப்பின்னல் உருவாகிறது, கலங்கல் உச்சத்தை அடைகிறது. புரதம் மிக அதிகமானால் ஒவ்வொரு பாலிஃபீனாலும் ஓரிரு புரதத்தோடு நின்றுவிடும். பாலிஃபீனால் மிக அதிகமானால் எல்லாப் பிடியிடங்களும் நிறைந்து, பாலம் கட்ட இடமிருக்காது. இரண்டு ஓரங்களிலும் கலங்கல் குறைவு. அதாவது இரண்டையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஏதேனும் ஒன்றைக் குறைத்தால் போதும்.

அந்த ஒன்றைக் குறைக்கும் வழிகள் இதே வேதியியலிலிருந்து பிறந்தவை. சிலிக்கா கூழ், புரோலின் மிகுந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். நுரையைத் தாங்கும் புரதங்களில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு என்பதால் அவை தப்பிவிடுகின்றன. பி.வி.பி.பி. என்ற பிளாஸ்டிக் தூளின் மூலக்கூறு அமைப்பு புரோலின் தொடரைப் போலவே இருப்பதால், பாலிஃபீனால்கள் ஏமாந்து அதில் ஒட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. நியூயார்க்கின் லியோ வாலர்ஸ்டீன் 1911இல் காப்புரிமை பெற்ற முறையில், புரதத்தை வெட்டும் நொதிகளே மருந்து. அவற்றில் பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பேன் பல பத்தாண்டுகள் மதுவாலைகளில் கோலோச்சியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை அதன் முக்கிய ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக இருந்தது. பப்பேனின் குறை, அது எல்லாப் புரதத்தையும் வெட்டும், நுரைக்கு வேண்டியதையும் சேர்த்து. இன்று கிடைக்கும் நொதி ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து வருகிறது. புரோலின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டுகிறது. நொதித்தல் தொடங்கும்போதே சில துளி சேர்க்க வேண்டும், முடிந்த பிறகு சேர்ப்பது தாமதம்.

வீட்டில் காய்ச்சுகிறவருக்கு இவையெல்லாம் கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை. உறைநிலைக்குச் சற்று மேலே, 0 முதல் 2 டிகிரியில், சில வாரம் வைத்தால் குளிர் கலங்கல் துகள்கள் தாமே பெரிதாகி இறங்கும். ஜெர்மன் லாகர் பீர்கள் தெளிந்தது இந்தப் பொறுமையால்தான். ஜெலட்டின் போடுவதாக இருந்தாலும் பீரை நன்றாகக் குளிர வைத்த பிறகே போட வேண்டும். சூடாக இருக்கும் பீரில் அந்தத் துகள்கள் இன்னும் உருவாகியே இருக்காது, இல்லாததை ஜெலட்டின் பிடிக்க முடியாது. 19 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் கரைத்தால் போதும், கொதிக்க விட்டால் அதன் நீண்ட சங்கிலிகள் உடையும். இன்னொரு எச்சரிக்கை: நொதிகலம் குளிரும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அந்த ஆக்சிஜன் நிலையான கலங்கலுக்கு வித்திடும், சுவையையும் பழைய அட்டைப்பெட்டி மணத்துக்குக் கொண்டுபோகும். குளிர வைக்கும்போது கலத்தைக் கார்பன் டை ஆக்சைடால் நிரப்பிய பையோடு இணைத்துவிடுவது நல்லது.

இனி, முதல் நாளிலிருந்தே இருக்கும் கலங்கல். இதற்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பில் இருக்கிறது. முளைகட்டிய பார்லியான மால்ட்டின் சாறு நன்றாகத் தளதளவென்று ஒரு மணிநேரம் கொதித்தால் புரதங்கள் முட்டை வெள்ளைபோல் உறைந்து திரிந்து நிற்கும். சின்ன அடுப்பில் பெரிய பாத்திரம் வைத்துச் மெல்லக் கொதித்தால் அது நடக்காது. கொதி முடிய 10, 15 நிமிடம் இருக்கும்போது அயர்லாந்துப் பாசி ஒரு தேக்கரண்டி சேர்ப்பார்கள். அது அட்லாண்டிக் கரைகளில் வளரும் சிவப்புக் கடற்பாசி. அதில் உள்ள காராஜீனன் எதிர்மின் சுமை கொண்டது; புரதங்களைப் பிடித்துப் பெரிதாக்கும். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர்களில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியும் இதே காராஜீனனுக்காகத்தான் அறுவடையாகிறது. கொதித்த பின் சாற்றை வேகமாகக் குளிர்விப்பதும் உதவும், மேலும் கொஞ்சம் புரதம் அப்போது பிரிந்து அடியில் தங்கும்.

மாவுச்சத்து இன்னொரு காரணம். பார்லி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் 63 முதல் 70 டிகிரிக்குள் ஊறல் நீர் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். வெப்பம் தாண்டினாலோ நேரம் போதாவிட்டாலோ மாவுச்சத்து அப்படியே சாற்றில் வரும். கடையில் வாங்கிய மால்ட் பாகில் காய்ச்சுகிறவர்கள், சுவைக்காக ஓட்ஸ் அவலை மட்டும் வெந்நீரில் ஊறவைத்துச் சேர்ப்பதுண்டு. ஓட்ஸ் அவலில் மாவை உடைக்கும் நொதி இல்லை, உடன் கொஞ்சம் மால்ட் இருந்தாக வேண்டும். சோதனை எளிது. வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி ஆறிய சாறு, அதில் ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. சோதித்ததைக் கொட்டிவிட வேண்டும், கலத்தில் சேர்க்கக் கூடாது. தயாரான பீரில் இதற்கு நல்ல மருந்து இல்லை. அடுத்த முறை ஊறலின் வெப்பத்தைக் கவனிப்பதுதான் வழி. பழம் சேர்த்துக் கொதிக்க வைத்திருந்தால் பெக்டின் கரைந்து கலங்கலாக நிற்கும். அதற்குப் பெக்டினேஸ் நொதி உண்டு.

உண்மையில் பயப்பட வேண்டியது கடைசி வகைக்குத்தான். தெளிந்திருந்த பீர், வெப்பத்திலும் குளிரிலும் ஒரேபோல், வாரங்கள் கழித்துக் கலங்குகிறது. பாட்டிலைச் சாய்த்தால் பட்டு நூல்போல் மினுமினுப்பான அலைகள் ஓடுகின்றன. புளிப்பு, அல்லது திடமான வெண்ணெய் மணம். திறந்தால் நுரை பீறிடுகிறது. இது லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவாகவோ காட்டு ஈஸ்ட்டாகவோ இருக்கலாம். டயாஸ்டாடிக்கஸ் என்ற ஈஸ்ட் வகை, மற்ற ஈஸ்ட்டுகளால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களையும் உடைத்துத் தின்னும், மெதுவாக வாயுவைப் பெருக்கிப் பாட்டிலையே உடைக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் எல்லா பாட்டில்களையும் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர்ந்த பின் துணி சுற்றித் திறக்க வேண்டும்.

லூயி பாஸ்டர் 1871இல் லண்டனின் விட்பிரெட் மதுவாலைக்குப் போய், அங்கிருந்த ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் அந்நிய உயிர்கள் இருப்பதைக் காட்டினார். அதுவரை அந்த ஆலையில் நுண்ணோக்கியே இல்லை. உடனே ஒன்று வாங்கினார்கள். 1876இல் வந்த அவருடைய பீர் பற்றிய நூல், கெட்ட பீருக்குக் கிருமிகளே காரணம் என்றது. பிறகு கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் இன்னும் ஒரு படி சென்றார். பாக்டீரியா மட்டுமல்ல, ஈஸ்ட்டிலேயே சில வகைகள் பீரைக் கலக்கிக் கெடுக்கின்றன என்று நிறுவி, 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த தூய ஈஸ்ட்டை ஆலைக்குத் தந்தார். இன்று வீட்டில் காய்ச்சுகிறவர் ஒரு பொட்டலம் உலர் ஈஸ்ட்டை நம்பிப் பிரிக்க முடிவது அவரால்தான். ஆனால் அந்தத் தூய்மை பழைய குழாயிலும் பாட்டில் நிரப்பும் திருகிலும் தொலைந்துபோகலாம். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைக் கழுவிக் கழுவி வைத்துக்கொள்வதைவிட மாற்றிவிடுவதே சிக்கனம்.

எல்லாக் கலங்கலும் குறையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பவேரியாவின் கோதுமை பீர் ஈஸ்ட்டோடுதான் பரிமாறப்படுகிறது. பெல்ஜியத்தின் ஹோகார்டன் ஊரில் வழக்கொழிந்திருந்த வெள்ளை பீரை 1960களில் பியேர் செலிஸ் மீட்டெடுத்தபோது அதன் மங்கலையும் சேர்த்தே மீட்டார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கிம்மிக் காய்ச்சிய ஹெடி டாப்பர், பழச்சாறுபோல் மங்கிய ஐ.பி.ஏ. வகைக்கு முன்னோடி. ஓட்ஸும் கோதுமையும் தரும் புரதம், நொதித்தலின்போதும் பிறகும் கொட்டப்படும் ஹாப்ஸ் தரும் பாலிஃபீனால், இவை இரண்டும் சீபெர்ட் சொன்ன அந்தச் சமநிலைக்கு அருகில் வருவதால்தான் அந்த மங்கல். அந்த வகையைக் காய்ச்சுகிறவர்களின் சிக்கல் நேர் எதிரானது. சில வாரத்தில் துகள்கள் சேர்ந்து வளர்ந்து அடியில் இறங்கி, பீர் பாதி தெளிந்துவிடுகிறது. மங்கல் நீண்டகாலம் நிற்க வேண்டுமென்றால் துகள்கள் அரை மைக்ரானுக்குள் சிறிதாகவே இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் கோதுமையின் அளவையும் ஹாப்ஸ் போடும் நாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.